ஜிம்மி ஜார்ஜ் போன வழியில் யார் போனார்கள்?

இத்தாலியில் மொந்திகியாரி என்ற சிற்றூரில் ஓர் உள்ளரங்கம் இருக்கிறது. அதன் பெயர் 'பாலாஜார்ஜ்'. அந்த ஜார்ஜ் இத்தாலியர் அல்லர். கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் பேராவூர்க்காரர். இந்தியக் கைப்பந்து வீரர் ஒருவரின் பெயரை அன்னிய நாட்டார் அரங்கத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்றால் அவர் ஆட்டம் எப்படி இருந்திருக்க வேண்டும்!

எட்டுச் சகோதரர்களும் கைப்பந்து ஆடிய குடும்பம் அது. ஜிம்மி 21-ஆம் வயதில், 1976-ல், அர்ஜுனா விருது பெற்றார். கேரள போலீசில் வேலை. எம்பிக் குதித்தால் அந்தரத்தில் ஒரு கணம் நின்று பந்தை அடிப்பதுபோல் தோன்றும் என்பார்கள். 1979-ல் அபுதாபி கிளப்புக்குப் போனார், 1982-ல் இத்தாலிக்கு. ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நமக்கு அந்தத் துணிச்சலின் விலை தெரியும். அலுவலக வேலையோடு ஆட்டமும் என்றிருந்த காலத்தில், ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட முதல் இந்தியக் கைப்பந்து வீரர் அவர்.

1986-ல் சியோல் ஆசிய விளையாட்டுக்கு இந்திய அணியில் ஆடினார். ஜப்பானை நான்காம் இடத்துக்குத் தள்ளி இந்தியா வெண்கலம் பெற்றது. மறு ஆண்டு நவம்பர் 30-ல் இத்தாலியில் கார் விபத்தில் அவர் மாண்டபோது வயது 32.

அதன்பின் ஹாங்சோ வரை நம் ஆடவர் அணிக்கு ஆசிய விளையாட்டில் பதக்கமே இல்லை. 2023-ல் ஹாங்சோவில் தென்கொரியாவை 3-2 என்று வென்று நெஞ்சை நிமிர்த்தினோம். பிறகு ஜப்பானிடம் 0-3, பாகிஸ்தானிடமும் 0-3. கிடைத்தது ஆறாவது இடம். அந்த ஜப்பான் அணியும் முதல் வரிசை அணி அல்ல என்பதுதான் உறுத்துகிறது. முன்னணி வீரர்கள் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக ஒதுக்கப்பட்டிருந்தார்கள்.

ஜப்பான் எப்படி வளர்ந்தது? காரணம் பல இருக்கலாம். ஒன்று கண்முன் தெரிகிறது. யூகி இஷிகாவா 2014-ல் மாணவராக இருக்கும்போதே இத்தாலியின் மொடீனா கிளப்பில் சேர்ந்தார். பிறகு ரான் தகாஹாஷியும் இத்தாலிக்குப் போனார். வாரந்தோறும் உலகின் சிறந்த வீரர்களை எதிர்த்து ஆடிப் பழகினார்கள். அதே இத்தாலியில் நம்மவர் 32 ஆண்டு முந்தியே ஆடினார்! நாம் அதை ஒரு தனி மனிதரின் சாகசமாகவே விட்டுவிட்டோம்.

ரயில்வே, ராணுவம், வங்கி, போலீஸ் வேலைகளைக் குறை சொல்வதற்கில்லை. ஏழை வீட்டுப் பையன்களுக்குச் சோறு போட்டவை அவைதாம். 2022-ல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக்கும் நல்ல முயற்சி. ஆனால் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஐரோப்பாவிலோ பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை நீள்கிறது. அத்தனை மாதம் ஒரு வீரன் போய் ஆட வேண்டுமானால் தேசிய சம்மேளனம் மாற்றுச் சான்று தர வேண்டும். வேலை கொடுத்த அலுவலகம் சம்பளமில்லா விடுப்பாவது தர வேண்டும். ஐந்தாறு இளைஞர்களுக்கு இந்த இரண்டும் ஒரே சமயத்தில் கிடைத்தால் போதும்.