எமக்குப் பின் யார்?

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைத் தோட்டங்களில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரை வறுமையினும் அதிகமாய் வாட்டும் வினா ஒன்றுண்டு: எமக்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார்?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2003இல் தேசியக் கொள்கை வந்தது. ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்தது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தெரிவுசெய்யும் உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை அவர்களுக்கும் அளிக்கிறது.

தொலைவிலுள்ள பெரிய விடுதியொன்றில் சேர்த்துவிடுவது இதற்கு விடையாகாது. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர், அம்மொழி புரியாதோர் நடுவே, பசியைக்கூடச் சொல்லவியலாமற் போவார்.

சுவீடனில் 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சிலரே கூடிவாழும் சிறு இல்லங்களை உரிமையாக்கியது. பெரிய விடுதிகள் மூடப்பட்டன. அது செல்வந்த நாடு என்பீர்கள். மெய்தான். ஆயினும் இங்கு வேண்டுவது மாளிகையன்று. ஊருக்குள் ஒரு சாதாரண வீடு, அதில் ஐந்தாறு பேர், அவர்தம் மொழியறிந்த பராமரிப்பாளர்கள், அவர்களுக்கு அரசு தவறாது வழங்கும் சம்பளம்.

கட்டடத்தை நன்கொடையாளர் கட்டித் தரக்கூடும். மாதாமாதம் சம்பளம் தரும் கடமை அரசினுடையது. அது உறுதியானால்தான் அப்பெற்றோர் நிம்மதியாய்க் கண்மூடுவர்.