நூற்றுக்கு இருபதுதானா?

“நூறு பங்கு வெயில் விழுந்தால் இருபது பங்குதான் மின்சாரமாகிறதாம்! மீதி எண்பதும் வீணாம்! இதற்குப் பெயர் விஞ்ஞானமா?” – சூரிய மின்தகடுகளைப் பற்றி இப்படி ஏளனம் பேசுவோர் இருக்கின்றனர். “எங்கள் தகட்டின் திறன் 22, அடுத்த கடைத் தகடு 18தான். எங்களுடையதே அதிக மின்சாரம் தரும்” என்று விற்போரும் இருக்கின்றனர். இரு சாராரும் எண்ணைக் காட்டுகின்றனர். எண்ணின் பொருளை மட்டும் சொல்வதில்லை.

சிலிக்கன் தகட்டிற்குள் நடப்பது என்ன? ஒரு பக்கம் பாஸ்பரஸ், மறுபக்கம் போரான் துளியளவு கலந்திருக்கும். இரண்டும் கூடும் எல்லையில் ஒரு மின்புலம் காவல் நிற்கிறது. ஒளித்துகள் வந்து மோதினால் எலக்ட்ரான் கட்டவிழ்கிறது. காவலன் அதை ஒரே திசையில் தள்ளுகிறான். கம்பி வழியே மின்சாரம் பாய்கிறது. வெயிலில் எல்லா ஒளியும் ஒரே வலுவுடையதன்று. வலுக் குறைந்த அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதி எலக்ட்ரானை அசைக்காமலே போய்விடும். நீல ஒளி அசைக்கும். ஆனால் தேவைக்கு மிஞ்சிய வலு வெப்பமாகக் கரையும். சிலிக்கனின் இயல்பு அது! அந்த இயல்பு வகுத்த உச்சவரம்பே நூற்றுக்கு ஏறத்தாழ 29தான். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் மூவரும் செய்துகாட்டிய மின்கலம் தந்தது 6. இன்று ஆய்வுக்கூடங்களில் 27-ஐத் தாண்டியாயிற்று. கடைக்கு வரும் நல்ல தகடுகள் 20-ஐக் கடந்து நிற்கின்றன. 29-க்கு 27! இதையா ஏளனம் செய்வது?

இனி, விற்பவரிடம் வருவோம். ஒரு கிலோவாட் என்று முத்திரையிட்ட தகடுகள், எந்த வகையாயினும், ஒரே வெயிலில் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம்தான் தரும். அதற்கு 20 விழுக்காட்டுத் தகடு 5 சதுர மீட்டர் கேட்கும்; 17 விழுக்காட்டுத் தகடு ஏறத்தாழ 6 கேட்கும். வேறுபாடு இடத்தில்! மொட்டை மாடி சிறிதானால் கூடுதல் விலை நியாயம்தான். மாடி தாராளமாய்க் கிடப்பவர், தாங்குசட்டச் செலவில் மிஞ்சும் சொற்பத்திற்காக, ஏன் கொட்டிக் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. அந்த 22, தகட்டின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. சித்திரை நண்பகலில் வேலூர் மாடியில் அது 60 டிகிரியைத் தொடும். ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு இறங்கும். 35 டிகிரி ஏறினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று! இந்த இறக்கக் கணக்கும் தகட்டின் விவரத்தாளில் அச்சாகியிருக்கிறது. விளம்பரத்தில் மட்டும் ஏனோ அதைக் காணோம். வாங்குபவர் முதலில் அந்தத் தாளைக் கேட்கட்டும். 22-ஐப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.