வழிப்போக்கரின் உரிமை



ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் தொடரில் மோன் பிளாங்க் என்னும் பனிமலை இருப்பதை அறிவீர்கள். 4,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அதன் உச்சிக்கு ஏறாமல், மலையைச் சுற்றி மட்டுமே நடந்து வருவதற்கும் ஒரு பாதை உண்டு. சுமார் 170 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளினூடே சென்று, புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. பத்து நாட்கள் அளவில் நடந்து முடிப்போர் பலர். ஜெனீவா அறிஞர் தெ சொசூர் 1767இல் இம்மலையைச் சுற்றி வந்தார். இன்று கோடைதோறும் பல்லாயிரவர் வருகின்றனர். இரவு தங்க ஆங்காங்கே மலைவிடுதிகள் உள்ளன. பிரெஞ்சு மொழியில் அவற்றை அழைக்கும் சொல்லுக்கே ‘புகலிடம்’ என்பதுதான் பொருள்.

இத்தாலியிலிருந்து 2,537 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து, பாதை சுவிட்சர்லாந்தில் இறங்குகிறது. அங்கே அது தொட்டுச் செல்லும் லா ஃபூலி, ஷாம்பே ஆகிய சிற்றூர்கள் ஓர்சியேர் என்னும் ஊரின் எல்லைக்குட்பட்டவை. அந்த ஓர்சியேர் நம் வரலாற்றோடு தொடர்புடையது.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினிலிருந்து கடல்வழியே வந்த முஸ்லிம்கள் சிலர், தென் பிரான்சின் ஃபிராக்சினேட்டத்தில் கோட்டை அமைத்தனர். நாளடைவில் ஆல்ப்ஸ் கணவாய்கள் சிலவும் அவர்கள் கைவசமாயின. 972இல் இத்தாலியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த குளூனி மடத்தின் தலைவர் மயோலை ஓர்சியேர் அருகே சிறைப்பிடித்து, பெருந்தொகையான வெள்ளியை ஈட்டுப்பணமாகப் பெற்றே விடுவித்தனர். அதனால் மூண்ட சினத்தில் கிறிஸ்தவப் பிரபுக்கள் ஒன்றுதிரண்டனர். சில ஆண்டுகளுக்குள் ஃபிராக்சினேட்டமும் வீழ்ந்தது.

‘நம்மவர் ஆல்ப்ஸையே ஆண்டனர்’ என்று இதனைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழிமறித்துப் பொருள் பறித்தது யாராயினும் அது வழிப்பறியே.

எனினும் கிறிஸ்தவத் துறவி ரவுல் கிளாபர், பதினோராம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒரு செய்தியை நீங்கள் அறிய வேண்டும். அவர்கள் கொடுத்த உணவைத் துறவி உண்ணவில்லை. அது கண்டு இரங்கிய ஒருவர், தம் கைகளையும் கேடயத்தையும் கழுவித் தூய்மை செய்து, அக்கேடயத்தின் மீதே மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, மரியாதையுடன் அவர் முன் வைத்தாராம். வேறொருவர் துறவியின் வேதநூல் மீது காலை வைத்தபோது, நபிமார்களின் சொற்களை மிதிப்பதா என்று உடனிருந்தோரே கடிந்துகொண்டனராம். பகைவரின் சமயத்தவர் எழுதிய சாட்சி இது! மார்க்கம் கற்பித்த பண்பு அவர்களிடம் எஞ்சியிருந்தது. ஆயினும் செய்த தவறு தவறாகவே நின்றது.

ஸகாத் பெறத் தகுந்தோர் எண்மரை அத்தவ்பா அத்தியாயத்தில் வல்ல இறைவன் வகுத்தபோது, வழிப்போக்கரையும் அவர்களுள் சேர்த்துள்ளான். தன் ஊரில் செல்வந்தராயினும், வழியில் கைப்பொருள் இழந்து தவிப்பவருக்கு அதில் பங்குண்டு. அது அவரது உரிமை. அதே வழிப்போக்கரிடமிருந்து பறித்தவர்களை நாம் எப்படிப் புகழ்வது?

ஓர்சியேரிலிருந்து தெற்கே ஏறும் சாலை, பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயை அடைகிறது. பதினோராம் நூற்றாண்டில், அதன் உச்சியில் பயணியருக்கென ஒரு சத்திரத்தைக் கிறிஸ்தவத் துறவிகள் எழுப்பினர். பனியில் வழிதவறியோரை நாய்களின் துணையோடு தேடி மீட்டுவந்தவர்கள் அவர்களே. சத்திரம் இன்றும் அங்கே இருக்கிறது. குளிர்காலத்தில் சாலை மூடப்பட்ட பின்னரும், பனிமீது நடந்து வருவோரை வரவேற்கிறது.