மரண விசாரணை அதிகாரிகளின் பயிற்சி (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், மாவட்டத்தை ஒத்த கவுண்டி அளவில் ஐயத்துக்குரிய இறப்புகளை ஆராயும் அலுவலர் மரண விசாரணை அதிகாரி எனப்படுகிறார். இவர் பெரும்பாலும் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்; மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

159 கவுண்டிகளைக் கொண்ட ஜோர்ஜியாவில் இப்பதவிக்கு 25 வயதும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் முதன்மைத் தகுதிகள். தேர்தலுக்குப் பின்னரே பயிற்சி. அடிப்படை வகுப்பு ஏறத்தாழ ஒரு வாரம் நடைபெறும். பின்னர் ஆண்டுதோறும் தொடர்பயிற்சி உண்டு. ஓர் இறப்பு கொலையா, தற்கொலையா, விபத்தா என இறப்புச் சான்றிதழில் பதியும் பொறுப்பு இத்தகையோருடையது. காப்பீட்டுத் தொகை முதல் குற்றவழக்கு வரை அப்பதிவையே சார்ந்துள்ளன. உடற்கூற்றுச் சோதனையை மருத்துவர் செய்தாலும், அது தேவையா என்று முதலில் ஐயுறவேண்டியவர் மருத்துவரல்லாத இவரே. சிக்கலின் மையம் இதுவாகும்.

மரண விசாரணையாளர்களுக்கான அமெரிக்க வாரியம் தேர்வு நடத்திச் சான்றளிக்கிறது. அதன் அடிப்படைச் சான்றுக்கே 640 மணி நேரக் கள அனுபவம் வேண்டும். எனினும் இச்சான்று இல்லாதவரும் தேர்தலில் வெல்லலாம்.

இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டு மருத்துவ ஆய்வாளர்களை நியமிக்குமாறு தேசிய ஆய்வு மன்றம் 2009-இல் பரிந்துரைத்தது. பல மாநிலங்கள் இன்னும் மாறவில்லை. தடயவியல் நோயியலாளர்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கும் குறைவானோரே பணியாற்றுவதால், சிறிய கவுண்டிகளுக்கு ஒருவார வகுப்பே எட்டும் தொலைவில் உள்ளது.