சினிமா வேலைக்கு ஒரு பக்க ரெஸ்யூம் போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதலில் தயாரிக்கும் பைல் எது தெரியுமா? ரெஸ்யூம்தான். யாரோ தந்த பழைய பைலைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி, சேவ் செய்துவிடுகிறோம்.

சென்ற மாதம் குமணன்சாவடியில் எங்கள் தெரு இளைஞர் ஒருவர் தன் ரெஸ்யூமை பென் டிரைவில் எடுத்து வந்தார். சினிமா எடிட்டர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கிருந்து அந்த உலகம் தூரமும் இல்லை. பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. இந்தப் பக்கம் போரூரைக் கடந்தால் வளசரவாக்கம், சாலிகிராமம், வடபழனி என்று எடிட்டிங், டப்பிங் கூடங்கள். ஆனால் ஆறு மாதமாக எங்கிருந்தும் பதில் இல்லையாம்.

ரெஸ்யூம் மூன்று பக்கம். சவால் நிறைந்த நிறுவனத்தில் என் திறமையை வெளிப்படுத்த விரும்புகிறேன் என்று தொடங்குகிறது. (கல்லூரி முடித்தபோது நானும் இதே வாசகத்தை சீனியர் ஒருவரிடமிருந்து காப்பியடித்தவன்தான்.) பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண், அப்பா பெயர், ஆதார் எண். எடிட்டிங் பற்றி ஒரே ஒரு வரி: சாப்ட்வேர் தெரியும்.

"எதையாவது எடிட் பண்ணியிருக்கியா தம்பி?" என்று கேட்டேன்.

"கல்யாண வீடியோதாண்ணா. பதினொண்ணு. அப்புறம் ஒரு காதுகுத்து. அதையெல்லாம் எப்படிண்ணா போடறது?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஐந்து மணி நேரப் பதிவை நான்கு நிமிடமாகச் சுருக்கத் தெரிந்தவர், அதை மறைத்துவிட்டு மதிப்பெண்ணைக் காட்டுகிறார்! இந்தத் துறையில் செய்த வேலைதான் பேசும். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' 2010இல் யூடியூபில் வந்த குறும்படம். 2012இல் அதுவே முழுநீளப் படமானது. சாப்ட்வேர் வேலையில் இருந்த கார்த்திக் சுப்புராஜ், கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்களால் அறிமுகமாகி, 2012இல் 'பீட்சா' எடுத்தார்.

அப்படியானால் ரெஸ்யூமே வேண்டாமா? வேண்டும். கிராபிக்ஸ் நிறுவனங்களும் டிவி சேனல்களும் கேட்கின்றன. ஆனால் ஒரு பக்கம் போதும். பெயர், போன் நம்பருக்கு அடுத்த வரியிலேயே இரண்டு நிமிட மாதிரி வீடியோவின் லிங்க் இருக்கட்டும். அதில் நீங்கள் செய்தது எது, வெட்டி ஒட்டியதா, கலர் திருத்தியதா, ஒலி சேர்த்ததா என்று எழுதுங்கள். கூகுள் டிரைவில் வைத்தால், லிங்க் உள்ள எவரும் பார்க்கும்படி செட்டிங்கை மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் திறப்பவருக்கு அனுமதி கேட்கும் திரைதான் வரும், அத்துடன் மூடிவிடுவார். வேறொருவர் போனில் திறந்து சோதித்துவிடுங்கள். தமிழில் எழுதினால் பாமினி போன்ற பழைய பாண்ட்கள் வேண்டாம். அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடில் டைப் செய்து, பிடிஎப் ஆக மாற்றி அனுப்புங்கள்.

ஆதார் எண்ணை நானே அழித்தேன். வேலை கேட்டு அனுப்பும் காகிதத்தில் அதற்கு இடமில்லை. வாய்ப்பு தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்பவர்களுக்கு ரெஸ்யூமே அனுப்பாதீர்கள்.

நல்ல ரெஸ்யூம் இருந்தால் கதவு திறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அறிமுகம் இல்லாதவர் பல படி ஏறி இறங்கத்தான் வேண்டும். ஆனால் யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் ஒதுக்கும்போது, அந்த இரண்டு நிமிடத்தில் அவர் பார்ப்பது உங்கள் வேலையாக இருக்க வேண்டாமா?

கல்யாண வீடியோ அடுத்தவர் வீட்டு விஷயம். கேட்காமல் போடக்கூடாது என்றேன். அன்று மாலையே கேட்டு வரக் கிளம்பினார். காதுகுத்து வீட்டார் முதலில் சம்மதித்தார்கள்.