காலைத் திரை யாருக்குச் சொந்தம்?

கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் விடியுமுன் பெங்களூர் ரயில் ஏறும் தொழிலாளி, மணி பார்க்கக் கைப்பேசியை எடுக்கிறார். நடிகை படமும் கிரிக்கெட் செய்தியும் முந்திக்கொண்டு நிற்கின்றன. அவர் கேட்டவை அல்ல.

பெங்களூரின் இன்மொபி குழுமம் 2018-இல் தொடங்கிய ‘கிளான்ஸ்’, சியோமி, சாம்சங் முதலிய நிறுவனங்களின் பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுத்திரையிலேயே குடியேறியது. தமிழும் பேசும்! ஆப்பிள் ஐபோன் வாசலில் இந்தக் கடை இல்லை. ஆனால் அதை வாங்க எத்தனை மாதச் சம்பளம் வேண்டும்?

மலிவான போன் வாங்கியவர் தமது காலைப்பொழுதையும் சேர்த்தா விற்றுவிட்டார்? செட்டிங்ஸில் இதை நிறுத்த வழியுண்டு. தேடிப்பிடிக்க அவருக்கு நேரம் ஏது? வாங்குபவரைத் தமிழில் தெளிவாகக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இது இயங்கவேண்டும். அதுவரை, போனை விற்கும் கடைக்காரராவது நிறுத்திக் கொடுக்கலாம்.