ஆய்வக இறைச்சி உணவுகளின் பெயர்ச்சீட்டு விதிகள்

ஆய்வக இறைச்சி உணவுகளின் பெயர்ச்சீட்டு விதிகள் என்பன, விலங்கு, பறவை அல்லது மீனின் உயிரணுக்களை ஊட்டக் கரைசலில் வளர்த்துப் பெறப்படும் இறைச்சியைக் கொண்ட உணவுகளின் உறையில் எப்பெயரும் எவ்விவரங்களும் இடம்பெற வேண்டும் என வரையறுக்கும் சட்ட விதிகள் ஆகும். இவ்வுணவை "இறைச்சி" என அழைக்கலாமா என்பதே இவ்விதிகள் தொடர்பான முதன்மையான சர்ச்சை ஆகும்.

பின்னணி

நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் போஸ்ட் குழுவினர் உருவாக்கிய மாட்டிறைச்சி பர்கர், 2013 ஆகஸ்டில் இலண்டனில் பொதுமக்கள் முன்னிலையில் சமைத்து உண்ணப்பட்டது. அதன் ஆக்கச் செலவு ஏறத்தாழ 2,50,000 யூரோக்கள். அக்காலத்தில் இது ஆய்வுப் பொருளாகவே இருந்ததால் பெயர் ஒரு சட்டச் சிக்கலாகவில்லை. விற்பனைக்கு வரும் வாய்ப்பு நெருங்கிய பின்னரே அது சிக்கலாயிற்று.

ஐக்கிய அமெரிக்கா

2018 பெப்ரவரியில் அமெரிக்கக் கால்நடை வளர்ப்போர் சங்கம் ஒன்று, மரபு முறையில் பிறந்து, வளர்ந்து, அறுக்கப்பட்ட விலங்கிலிருந்து பெறப்படுவதை மட்டுமே "மாட்டிறைச்சி", "இறைச்சி" எனக் குறிக்க வேண்டும் என வேளாண்மைத் துறையிடம் மனு அளித்தது. அதே ஆண்டில் மிசூரி மாநிலம், கால்நடையிலிருந்தோ கோழியினத்திலிருந்தோ பெறப்படாத ஒன்றை இறைச்சி எனத் திரித்துக் காட்டுவதைத் தடை செய்தது. எனினும் உறையின் முகப்பில் "தாவர அடிப்படையிலானது", "ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டது" போன்ற சொற்கள் தெளிவாக இருப்பின் அது திரிப்பாகக் கருதப்படாது என மாநில வேளாண்மைத் துறை விளக்கம் வெளியிட்டது.

2019 மார்ச்சு உடன்பாட்டின்படி, உயிரணு சேகரிப்பும் வளர்ப்பும் உணவு மற்றும் மருந்து நிருவாகத்தின் மேற்பார்வையில் உள்ளன. வளர்ந்த உயிரணுக்கள் அறுவடை செய்யப்படும் கட்டத்திலிருந்து, கால்நடை மற்றும் கோழி இறைச்சியைப் பொறுத்தவரை, பதப்படுத்தலும் பெயர்ச்சீட்டும் வேளாண்மைத் துறையின் பொறுப்பாகும். கெளிறு இன மீன்கள் தவிர்த்த பிற மீன்கள் முழுமையாக முன்னைய அமைப்பின் கீழ் வருகின்றன.

2021 செப்டம்பரில் பெயரிடல் குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. தனி விதி இயற்றப்படும் முன்பே, 2023 சூனில் அப்சைட் ஃபூட்ஸ், குட் மீட் ஆகிய நிறுவனங்கள் "செல்-கல்டிவேட்டட் சிக்கன்" (உயிரணுவிலிருந்து வளர்க்கப்பட்ட கோழி) என்ற பெயருக்கு ஒப்புதல் பெற்றன.

கூட்டரசின் இறைச்சி ஆய்வுச் சட்டம், அதன் கீழ் வரும் பொருள்களுக்கு மாநிலங்கள் கூடுதலான அல்லது மாறுபட்ட பெயர்ச்சீட்டு விதிகளை விதிப்பதைத் தடுக்கிறது. இதனால் பெயர் தொடர்பாக மாநிலங்களுக்கு உள்ள அதிகாரம் குறுகியது. புளோரிடா, அலபாமா ஆகிய மாநிலங்கள் 2024 இல் விற்பனையையே தடை செய்யும் சட்டங்களை இயற்றின.

பிற நாடுகள்

* சிங்கப்பூர்: 2020 திசம்பரில் உலகிலேயே முதன்முதலாக விற்பனைக்கு அனுமதி அளித்தது. பொதியிடப்பட்ட உணவில் "வளர்ப்பு" எனப் பொருள்படும் "கல்ச்சர்டு" போன்ற அடைமொழி இடம்பெற வேண்டும்.
* ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: 2025 இல் வளர்ப்புக் காடை இறைச்சிக்கு அனுமதி கிடைத்தது. உயிரணு வளர்ப்பு என்பதைக் குறிக்கும் வரையறுக்கப்பட்ட சொல் கட்டாயம் ஆகும்.
* இத்தாலி: 2023 இல் ஆக்கத்தையும் விற்பனையையும் தடை செய்தது. அதே சட்டம் தாவர உணவுகளுக்கு இறைச்சிப் பெயர்கள் சூட்டுவதையும் தடுத்தது.

பெயர் குறித்த வாதங்கள்

கால்நடை வளர்ப்போர், "இறைச்சி" என்ற சொல்லின் நன்மதிப்பு தலைமுறைகளின் உழைப்பால் உருவானது என்றும், அடைமொழியின்றி அதைப் பயன்படுத்துவது நுகர்வோரை ஏமாற்றும் என்றும் வாதிடுகின்றனர். தயாரிப்பாளர்களோ, உயிரணு அளவில் இது விலங்குத் தசையே என்றும், "ஆய்வக" என்ற சொல் தொழிற்கூடத்தில் நிகழும் ஆக்கத்தைத் தவறாகச் சித்தரித்து வெறுப்பை ஊட்டும் என்றும் கூறுகின்றனர். ஆக, ஒரே அடைமொழி ஒரு தரப்புக்கு எச்சரிக்கையாகவும் மறு தரப்புக்குத் தண்டனையாகவும் தோன்றுகிறது. நல்ல விதி என்பது இவ்விரண்டும் அல்லாது, பொருளை இனங்காட்டும் நடுநிலைச் சொல்லை வேண்டுவதாகும்.

பெயருக்கு அப்பாற்பட்ட சிக்கல்கள்

ஒவ்வாமை: வளர்ப்பு மீனும் மீன் புரதங்களைக் கொண்டிருக்கக் கூடியதாகையால், மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு அது தீங்கு விளைவிக்கலாம். பெயரிலிருந்து "மீன்" என்ற சொல்லை முற்றாக நீக்குவது இவர்களுக்கு ஆபத்தாக முடியும். இக்காரணத்தால் விலங்கின் பெயரைத் தடை செய்யும் விதி நுகர்வோர் பாதுகாப்புக்கே முரணாகலாம்.

கலவை விகிதம்: 2024 இல் சிங்கப்பூரில் சில்லறை விற்பனைக்கு வந்த குட் மீட் பொருளில் வளர்ப்புக் கோழி 3 விழுக்காடு மட்டுமே, எஞ்சியதில் பெரும்பகுதி தாவரப் புரதம். இத்தகைய பொருளில் பெயரைவிட விகிதமே முக்கியமான தகவல் ஆகும்.

சமயமும் உணவு நெறியும்: உயிரணு எவ்விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது, ஊட்டக் கரைசலில் கன்றுக் கருவின் குருதிநீர் பயன்பட்டதா என்பவை சமய நெறி பேணுவோருக்கு இன்றியமையாதவை. 2024 பெப்ரவரியில் சிங்கப்பூர் இசுலாமிய சமய மன்றம், அனுமதிக்கப்பட்ட விலங்கின் உயிரணுக்களைக் கொண்டிருத்தல் உள்ளிட்ட நிபந்தனைகளுடன் இவ்விறைச்சியை உண்ணலாம் எனத் தீர்ப்பளித்தது. இந்நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதை உண்பவர் தாமே கண்டறிய இயலாது. உறையில் உள்ள விவரமோ சான்றிதழோ மட்டுமே அதை அவருக்கு அறிவிக்கும்.